எழுபத்திரண்டாயிரம்

தை மாசம்
மகளுக்குப் பூ வைக்க வந்தவர்கள் முன்னால்
மாசம் இருபதுக்குக் குறையாது என்றேன்.
பன்னீர் சோடாவை உறிஞ்சியபடி
சம்பந்தி தலையாட்டினார்.
கதவுக்குப் பின்னால் ஒச்சம்மாள் இருமினாள்.
அது இருமல் இல்லை, எனக்குத் தெரியும்.

ஆடியில் இருமியது இருமல்தான்.
பஸ்ஸில் இரண்டு படி ஏறியவள்
மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டாள்.
பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் படம் பிடித்தார்கள்.
உள்ளே ஒரு கதவு சரியாக மூடவில்லையாம்.
டாக்டர் பேனா மூடியைத்
திறந்து மூடி, திறந்து மூடிக் காட்டினார்.
"காப்பீட்டு அட்டை இருக்கா?"
இருந்தால் பிரச்சினை இல்லை.
இல்லாவிட்டால் எவ்வளவு என்று
வெளியே விசாரித்தேன்.
அந்தத் தொகையை வாயால் சொல்லாமல்
துண்டுச் சீட்டில் எழுதி என் பக்கம் தள்ளினார்கள்.

அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும்.
வருசம் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டக் கூடாது.

கீழமாரட் வீதியில் வெங்காய மூட்டை இறக்குகிறேன்.
நாசிக் வண்டி வந்தால் கூலி,
வராவிட்டால் டீ.
முகூர்த்த மாசம் ஒரு கணக்கு
மழை மாசம் வேறு கணக்கு.
எத்தனை தடவை கூட்டினாலும்
அந்த இருபதாயிரம்
எந்த மாசத்திலும் வரவே இல்லை.
ஆறாயிரம் என்றேன்.
பன்னிரண்டால் பெருக்கியது
இ-சேவை மையத்துப் பொண்ணு.
பொய் சொன்னபோது கூசாத வாய்
இதைச் சொல்லக் கூசியது.

செக்கானூரணிக்கு விசாரிக்க வந்தார் தலையாரி.
"அக்கம்பக்கம் யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லணும்."
பக்கத்து வீடு பூட்டு.
எதிர்வீட்டோடு ஓடைத் தகராறு.
அந்த நேரம் பார்த்துத்தானா
பத்திரிகை மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு
தெருமுனையில் வண்டியை நிறுத்துவார் சம்பந்தி?

"இவருக்கு மாசம் ஆறாயிரம்தானாம்.
நீங்க என்னய்யா சொல்றீங்க?"

விண்ணப்பத்தின் நகலை ஆடு மென்றுகொண்டிருந்தது.
அதை விரட்டுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தேன்.

சம்பந்தி அவசரப்படவில்லை.
வெத்திலையைத் துப்பிவிட்டு வந்தார்.
"வண்டி வராத மாசத்தைக் கழிச்சீங்களா மாயன்?
கழிச்சா அம்பதுதான் நிக்கும்."
பிறகு சட்டைப் பையிலிருந்து
ரப்பர் பாண்டு போட்ட காகிதக் கட்டை உருவி
மூலை மடங்கிய அட்டை ஒன்றை எடுத்தார்.
போன வருசம் குடலிறக்கத்துக்கு வாங்கியது.
"ரெண்டு லாரி ஓடுதுன்னு சொன்னேன்ல.
ஓடுறது நெசம்.
முதலாளி வேற ஆளு."

தலையாரி சிரிக்கவில்லை.
விசாரித்தேன், சரி
என்று எழுதிக்கொண்டு
ஆட்டுக்கு எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டார்.

கலெக்டர் ஆபீஸில் நல்ல கூட்டம்.
என் கட்டைவிரலை
மிஷின் மூன்று தடவை இல்லை என்றது.
நான்காவது தடவை
வேட்டியில் துடைத்து வைத்தேன், நம்பியது.

வரிசையில் பின்னால் நின்றவள்
ஒச்சம்மாள் காதில் சொன்னாள்:
"சங்கிலியைக் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்க.
பவுனுன்னு நெனச்சு நிறுத்திப்புடுவாங்க."

பூ வைத்த அன்றைக்கும் இதே சங்கிலிதான்.
எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து
அஞ்சு பவுன் என்று அவளே சொன்னாள்.

ஒச்சம்மாள் கழற்றவில்லை.
நாற்காலியில் உட்கார்ந்தாள்.
மூச்சு வாங்கியது, காத்திருந்தாள்.
பிறகு கேமராவைப் பார்த்து,
யாரும் கேட்காமலே,
அந்த அறை முழுக்கக் கேட்கிற மாதிரி
"கவரிங்" என்றாள்.

"பேசாதீங்கம்மா" என்பதற்குள்
படம் விழுந்துவிட்டது.

அட்டை வந்திருக்கிறது.
அதில் அவள் வாய் லேசாகத் திறந்திருக்கிறது,
இன்னும் முழுசாக மூடாமல்.